வெற்றிவலத்திற்குப் பிறகும் ஓடியவர்

1992 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7 ஆம் திகதி இரவு பார்சிலோனா ஒலிம்பிக் அரங்கில் எடுக்கப்பட்ட படங்களை வாசகர்கள் பலர் மறந்திருக்கமாட்டார்கள். கறுப்பினப் பெண் ஒருவரும் வெள்ளையினப் பெண் ஒருவரும் கைகோத்தபடி ஓடுதளத்தை வலம்வருகிறார்கள். முன்னவர் எதியோப்பியாவின் டெரார்ட்டு துலு. மற்றவர் தென்னாபிரிக்காவின் எலானா மேயர். பெண்களுக்கான 10,000 மீற்றர் ஓட்டத்தில் துலுவுக்குத் தங்கம், மேயருக்கு வெள்ளி.

அந்தக் காட்சியின் பின்னால் நீண்டதொரு வரலாறு இருந்தது. எதியோப்பியாவின் அபேபே பிக்கிலா வெறுங்காலுடன் மரதன் ஓடி வென்ற 1960 ரோம் ஒலிம்பிக்கே, வெள்ளையர் மட்டுமே கொண்ட தென்னாபிரிக்க அணி பங்குபற்றிய கடைசி ஒலிம்பிக்காகவும் அமைந்தது. நிறவெறிக் கொள்கை காரணமாகத் தென்னாபிரிக்கா அதன்பின் 32 ஆண்டுகள் வெளியே நின்றது. எதியோப்பியாவும் இதற்காக ஒரு விலை கொடுத்தது. தென்னாபிரிக்காவுடன் றக்பி விளையாடிய நியூசிலாந்தை அனுமதித்ததை எதிர்த்து 1976 மொன்ட்ரியல் போட்டிகளை ஆபிரிக்க நாடுகள் பல பகிஷ்கரித்தபோது, எதியோப்பியாவும் அவற்றோடு சேர்ந்துகொண்டது. பின்னர் 1984 இலும் 1988 இலும் வேறு அரசியல் காரணங்களுக்காக அந்நாடு ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. ஆட்சியாளர் எடுக்கும் முடிவுக்கு விளையாட்டு வீரரின் இளமைக்காலமே பலியாகிறது.

பார்சிலோனாவில் துலுவுக்கு வயது 20. ஆரம்பத்தில் பிரித்தானியாவின் லிஸ் மக்கொல்கன் முன்னணியில் ஓடினார். பாதித் தூரம் கடந்தபின் மேயர் வேகத்தைக் கூட்டினார். அவரைத் தொடர்ந்து சென்றவர் துலு மட்டுமே. சுற்றுக்குச் சுற்று மேயரின் முதுகுக்குப் பின்னாலேயே ஓடினாரே தவிர, முன்னே வந்து பாரத்தைப் பங்கிட்டுக்கொள்ள அவர் முன்வரவில்லை. கடைசிச் சுற்று நெருங்கியதும் ஒரே பாய்ச்சலில் முந்தினார். அவரது நேரம் 31 நிமிடம் 6.02 வினாடி. மேயர் ஏறக்குறைய ஆறு வினாடிகள் பின்தங்கினார். ஒலிம்பிக் தங்கம் வென்ற முதலாவது கறுப்பின ஆபிரிக்கப் பெண் துலுவே.

முடிவுக்கோட்டைத் தாண்டியதும் அவர் மேயருக்காகக் காத்துநின்றார். அதன் பின்னரே அந்த வெற்றிவலம். புதிய தென்னாபிரிக்காவின் விடியல் என்று பத்திரிகைகள் அதைக் கொண்டாடின. ஆனால் அன்று அந்நாட்டின் கறுப்பின மக்களுக்கு வாக்குரிமைகூடக் கிடைத்திருக்கவில்லை. அதற்கு 1994 ஏப்ரல் வரை அவர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. செய்தி மேசையில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நல்ல படமொன்று கிடைத்துவிட்டால் அதிலுள்ள மனிதரை மேலும் தேடிப்போக நாங்கள் அதிகம் மெனக்கெடுவதில்லை. துலு அந்தப் படத்தின் பாதியாகவே பலரது நினைவில் தங்கிவிட்டார்.

அவர் பிறந்த பெக்கோஜி, எதியோப்பியாவின் அர்சி மலைப்பகுதியில் உள்ள விவசாயச் சிற்றூர். கெனெனிசா பெக்கெலேயும், துலுவின் உறவினரான திருனேஷ் டிபாபாவும் அதே மண்ணிலிருந்து வந்தவர்களே. 1995 இல் இங்கிலாந்தின் டர்ஹம் நகரில் நடைபெற்ற உலக நாடுகடந்த ஓட்டப் போட்டிக்குச் செல்லும் வழியில், துலு ஏதென்ஸ் விமான நிலையத்தில் ஒரு நாள் முழுவதும் தூக்கமின்றி அகப்பட்டுக்கொண்டார். போட்டி தொடங்குவதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் இருக்கையிலேயே வந்து சேர்ந்தார். வந்தவர் வென்றும்விட்டார்! 1997 இலும் 2000 இலும் அதே பட்டம் மீண்டும் அவரிடமே வந்தது.

1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில், காயத்துடன் ஓடி நான்காமிடமே பெற்றார். 1998 இல் பெண் குழந்தைக்குத் தாயானார். தாய்மைக்குப் பின் ஓட்டக்காரிகளின் காலம் முடிந்துவிடும் என்ற எண்ணம் அப்போது பரவலாக இருந்தது. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் போட்டியின் பெரும்பகுதியில் பிரித்தானியாவின் போலா ரட்கிளிஃப் முன்னணியில் ஓடினார். கடைசிச் சுற்றில் துலு பறந்தார். 30 நிமிடம் 17.49 வினாடி, புதிய ஒலிம்பிக் சாதனை. இத்தூரத்தில் இருமுறை ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் பெண்ணும் அவரே. பதக்கமின்றி ரட்கிளிஃப் நான்காவதாக வந்தார்.

2001 இல் லண்டன் மரதனையும் 10,000 மீற்றர் உலகப் பட்டத்தையும் வென்றார். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம். அங்கே அவரை முந்தி வெள்ளி பெற்றவர் திருனேஷின் மூத்த சகோதரி எஜகாயெகு டிபாபா. இத்துடன் துலுவின் காலம் முடிந்தது என்றே பலரும் கருதினர்.

2009 நவம்பர் முதலாம் திகதி நியூயோர்க் மரதனில் துலு ஓடியபோது வயது 37. அன்று வெல்வார் என்று எதிர்பார்க்கப்பட்டவர் ரட்கிளிஃப். வழியில் கால்வலியால் அவர் பின்தங்கத் தொடங்கியபோது, துலு அவரைத் திரும்பிப் பார்த்துத் தம்முடன் வருமாறு ஊக்கப்படுத்தினார். ரட்கிளிஃபால் இயலவில்லை. துலு 2 மணி 28 நிமிடம் 52 வினாடிகளில் முதலாவதாக வந்தார். நியூயோர்க் மரதனை வென்ற முதல் எதியோப்பியப் பெண் அவர். ரட்கிளிஃப், சிட்னியைப் போலவே, நான்காமிடம்.