கொண்டைப் பாம்புக் கழுகு

கொண்டைப் பாம்புக் கழுகு, பாம்புகளை முதன்மை இரையாகக் கொண்ட காட்டுப் பறவை. அறிவியல் பெயர் ஸ்பைலோர்னிஸ் சீலா. 1790இல் ஆங்கிலேயப் பறவையியலாளர் ஜான் லாத்தம் இதை விவரித்தார். இமயமலை அடிவாரம் முதல் இலங்கை வரையிலும், கிழக்கே தென்சீனம், தைவான், இந்தோனேசியா வரையிலும் வாழ்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் கிழக்குத் தொடர்ச்சி மலையிலும் ஓடையோர மரங்கள் அடர்ந்த இடங்களில் இதைக் காணலாம்.

உருவம்: பெருநிலப்பரப்பில் வாழ்பவை 55 முதல் 75 செ.மீ. நீளம் இருக்கும், தீவுகளில் வாழ்பவை சிறியவை. உடல் கரும்பழுப்பு. வயிற்றில் வெள்ளைப் புள்ளிகள் தூவியிருக்கும். கண்ணும், கண்ணுக்கும் அலகுக்கும் இடைப்பட்ட வெற்றுத் தோலும் பளிச்சென்ற மஞ்சள். கறுப்பும் வெள்ளையும் கலந்த கொண்டை பிடரியில் படிந்தே கிடக்கும். பறவை மிரண்டாலோ சினந்தாலோதான் விசிறியாக விரியும். ஆகவே கொண்டையை நம்பி இதை அடையாளம் காண முயல்வது வீண். காலைப் பார்ப்பதே நல்லது. இதே காடுகளில் வாழும், குடுமியுள்ள பருந்துக் கழுகுகளுக்கு விரல் வரை இறகு மூடியிருக்கும். இதன் கால்கள் இறகின்றி மஞ்சளாகத் தெரியும். பறக்கும்போது இறக்கையின் பின்விளிம்பை ஒட்டியும் வாலின் குறுக்காகவும் ஓடும் அகன்ற வெள்ளைப் பட்டை ஐயத்தைத் தீர்த்துவிடும். இளம்பறவையின் தலையும் வயிறும் வெளுத்திருப்பதால் தேர்ந்தவர்களும் அதை வேறு இனம் என்று எண்ணிவிடுவதுண்டு.

வேட்டை: பாம்புக்கடி இந்தப் பறவையை ஒன்றும் செய்யாது என்று பரவலாக நம்பப்படுகிறது. நஞ்சை முறிக்கும் ஆற்றல் இதன் உடலில் இருப்பதற்குச் சான்று இல்லை. காப்பது காலின் அமைப்பே. காலைப் போர்த்திய கெட்டியான, அறுகோணச் செதில்களில் பாம்பின் பல் எளிதில் இறங்காது. விரல்கள் குட்டையாகவும் தடித்தும் இருப்பதால் வழுக்கும் மெல்லிய உடலையும் இறுக்கிப் பிடிக்க முடிகிறது. வானில் வட்டமிட்டுத் தேடுவதைவிட, ஓடைக்கரையிலோ காட்டுத் திட்டின் ஓரத்திலோ ஒரு கிளையில் நெடுநேரம் அசையாமல் அமர்ந்து கீழே நோக்குவதுதான் இதன் வழக்கம். இரை அசைந்ததும் சரிந்து இறங்கி நகங்களால் அழுத்தி, தலையை அலகால் நசுக்குகிறது. சிறிய பாம்பைத் தலைப்பக்கமாக அப்படியே விழுங்கிவிடும். பச்சைப் பாம்பு, தண்ணீர்ப் பாம்பு, சாரை போன்றவற்றோடு ஓணான், அரணை, தவளை, நண்டு, எலி ஆகியவையும் உணவாகும். கழுகு என்ற பெயருக்காகவே கோழிக்குஞ்சு தூக்கும் பழி இதன் மீதும் விழுகிறது. உண்மையில் இதன் உணவில் பறவைகளின் பங்கு சிறிதே. வயலோரத்தில் இது அமர்ந்தால் கல்லெறிந்து விரட்டுவது அநியாயம்.

குரல்: வெயில் ஏறியபின், மேலெழும் வெப்பக் காற்றில் வட்டமிட்டுக்கொண்டே உரக்கச் சீழ்க்கையடிக்கும். முதல் ஒலி நீண்டும் அடுத்தவை குறுகியும் கேட்கும். பள்ளத்தாக்கில் வெகுதொலைவு எட்டும் இந்த ஒலியே பெரும்பாலும் பறவை இருப்பதை முதலில் காட்டிக்கொடுக்கிறது.

இனப்பெருக்கம்: நீரோட்டத்தை ஒட்டிய உயர்ந்த மரங்களில் சுள்ளிகளால் கூடு கட்டி, உட்புறம் பச்சை இலைகளைப் பரப்புகிறது. தென்னிந்தியாவில் குளிர்கால இறுதியிலிருந்து கோடைத் தொடக்கம் வரை இனப்பெருக்கக் காலம். பொதுவாக ஒரே முட்டைதான் இடும். பெண் அடைகாக்கும், அது இரை தேடப் போகும்போது ஆண் காவல் இருக்கும். கொல்லிமலையில் இதன் கூடுகளைப் பற்றி நடந்த ஆய்வும் ஓடையோர மரங்களுக்கு இது தரும் முக்கியத்துவத்தைப் பதிவு செய்துள்ளது. பழைய கூட்டைச் சில வேளைகளில் செப்பனிட்டு மீண்டும் பயன்படுத்துவதால், ஒரு பெருமரம் வீழ்ந்தால் பல ஆண்டுகள் பயன்பட்டிருக்கக்கூடிய கூடு போய்விடும்.

உறவினங்களும் நிலையும்: தென்னிந்தியாவில் மெலனோடிஸ் என்ற துணையினமும் இலங்கையில் ஸ்பைலோகாஸ்டர் என்ற துணையினமும் உள்ளன. அந்தமானில் இதன் துணையினம் ஒன்று கடலோர அலையாத்திக் காடுகளை ஒட்டி வாழ, உட்காடுகளில் அந்தமான் பாம்புக் கழுகு என்ற தனியினம் வாழ்கிறது. பெரிய நிக்கோபாரில் காணப்படும் இனம் இப்பேரினத்தில் மிகச் சிறியவற்றுள் ஒன்று. அதன் வாழிடம் அத்தீவோடும் அருகிலுள்ள சில தீவுகளோடும் முடிந்துவிடுவதால் அவற்றின் காடு குறைவது நேரடியாக அதைத் தாக்கும். கொண்டைப் பாம்புக் கழுகு பரந்து வாழ்வதால் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதைத் தீவாய்ப்பு குறைந்த இனமாக வகைப்படுத்தியுள்ளது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதை வேட்டையாடுவதைத் தடை செய்கிறது.