அடுத்தவர் பணம், நம் கையில்

அரசு உதவித்தொகை வருகிறது. ஆனால் உரியவரால் அதைக் கையாள முடியவில்லை. யாரிடம் கொடுப்பது? அமெரிக்கா இதற்கு விடை தேடிய கதையைப் பார்ப்போம்.

அங்கே சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1935-ல். முதல் மாதாந்திர ஓய்வூதியம் கொடுத்தது 1940-ல். அதற்கு முன்பே, 1939-ல், ஒருவரின் தொகையை அவருக்காக உறவினரோ வேறொருவரோ வாங்கலாம் என்று திருத்தம் வந்துவிட்டது. இவருக்குப் பிரதிநிதிப் பெறுநர் என்று பெயர். உணவு, உடை, வாடகை, மருந்து போக மீதியை உரியவர் பெயரில் சேமிக்க வேண்டும்.

சரி, கணக்குக் கேட்பது யார்? ஆண்டுக் கணக்கைச் சட்டம் கட்டாயமாக்கியது 1984-ல்தான்!

அப்படியும் ஓட்டை அடைபடவில்லை. அயோவா மாநிலத்தில் அட்டலிசா என்றொரு சிற்றூர். அங்கே பழைய பள்ளிக் கட்டடத்தில் அறிவுசார் குறைபாடுள்ள ஆண்கள் தங்கி, வான்கோழி இறைச்சி ஆலையில் வேலை பார்த்தார்கள். முதலாளி நிறுவனமே பிரதிநிதிப் பெறுநர்! கையில் கொடுத்தது மாதம் 65 டாலர். 2009-ல்தான் மீட்கப்பட்டார்கள். 2013-ல் ஜூரி 32 பேருக்கு 24 கோடி டாலர் இழப்பீடு தரச் சொன்னது. சட்ட வரம்பால் அது 16 லட்சமாகச் சுருங்கியது.

2018-ல் வந்த சட்டம், மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காக மாநிலந்தோறும் இயங்கும் அமைப்புகளிடம் இந்தப் பெறுநர்களைச் சோதிக்கும் பொறுப்பைக் கொடுத்தது. காகிதக் கணக்கோடு நிற்காமல், உரியவரை நேரில் பார்த்தும் பேசுகிறார்கள்.

இதை அன்றே செய்திருந்தால்? 1939-ல் பிறந்தது நம்பிக்கை. அதற்குக் காவல் வர எத்தனை ஆண்டுகள், பார்த்தீர்களா?