விருது வாங்கிய பறையும் அடிக்க மறுத்த கைகளும்

2025 ஜனவரி 25ஆம் தேதி தில்லி அரசு வெளியிட்ட பத்ம விருதுப் பட்டியலில் மூன்று பெயர்களைச் சேர்த்து வைத்துப் படிக்க வேண்டும். மிருதங்கம் வாசிக்கும் குருவாயூர் துரை. தெருக்கூத்தாடும் புரிசை கண்ணப்ப சம்பந்தன். பறை அடிக்கும் வேலு ஆசான். மூவருக்கும் பத்மஸ்ரீ, மூவரும் 'கலை' என்கிற ஒரே தலைப்பின் கீழ். சபாவும் ஊர்த்திடலும் சேரியும் ஒரே தாளில் வந்து உட்கார்ந்துவிட்டன. எங்கள் செவிலிமேட்டுக் காலனிப் பையன்கள் வேலு ஆசான் படத்தை வெட்டி ஒட்டினார்கள். 'நம்ம மோளத்துக்கு ஜனாதிபதி கையால மெடலு' என்று பேசிப் பேசி மாய்ந்தார்கள். அந்தச் சந்தோஷம் எனக்கும்தான். பல வருஷம் ஊர் ஊராகப் போய்ப் பறை கற்றுக்கொடுத்த கைக்கு வந்த மரியாதை அது. அதில் குறை சொல்ல எவனுக்கும் யோக்கியதை கிடையாது.

ஆனால் பட்டியல் என்பது வரலாறும்கூட. யார் எப்போது ஏறினார்கள், எந்தத் தலைப்பின் கீழ் ஏறினார்கள், யார் ஏறவே முடியாது என்பதையெல்லாம் அதை வைத்தே படித்துவிடலாம்.

சுதந்திர இந்தியாவின் இசைக்கான தேசிய விருது 1952இல் தொடங்குகிறது. முதல் முறை வாங்கியவர்கள் நாலு பேர். வடக்கிலிருந்து அலாவுதீன் கான், முஷ்டாக் உசேன் கான். தெற்கிலிருந்து அரியக்குடி ராமானுஜ அய்யங்கார், காரைக்குடி சாம்பசிவ அய்யர். 1953 ஜனவரியில் சங்கீத நாடக அகாதெமியை ராஜேந்திர பிரசாத் தில்லியில் தொடங்கி வைத்தார். அதற்குப் பின் இந்த விருது அகாதெமி விருதாயிற்று. வித்துவான்களின் வித்தை பெரிது, அதில் சண்டையில்லை. தெற்கத்தி இசை என்றதும் தில்லியின் கண்ணுக்கு முதலில் தெரிந்தது எந்தத் தெரு என்பதுதான் கேள்வி. இசை வேளாளர் வீட்டு நாதஸ்வரத்துக்கும் சதிருக்கும் ஐம்பதுகளிலேயே இடம் கிடைத்தது. ராஜரத்தினம் பிள்ளையும் பாலசரஸ்வதியும் போனார்கள். சேரிக்கு?

அகாதெமியின் விருதுப் பிரிவுகளைப் பாருங்கள். கர்நாடக வாய்ப்பாட்டு, கர்நாடக வாத்தியம், மிருதங்கம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயர். கடைசியில் ஒரு கூடை: நாட்டுப்புற, பழங்குடி, 'பிற மரபு' நிகழ்த்துகலைகள். ஆட்டம், பாட்டு, கூத்து, பொம்மலாட்டம் எல்லாம் அந்த ஒரே கூடையில். சாஸ்திரியத்துக்கு வாத்தியம் வாத்தியமாக அறை கட்டியவர்கள், கோடிக்கணக்கான ஜனத்தின் கலைக்குக் கொட்டகை ஒன்று போட்டுக் கொடுத்தார்கள். ஊரில் தெருவுக்குத் தெரு பெயர், எங்களுக்கு மட்டும் மொத்தமாகக் 'காலனி' என்கிற மாதிரிதான் இதுவும்.

காஞ்சிபுரத்துக்கும் இந்த மேடைக்கும் பழைய உறவு உண்டு. இங்கே பிறந்த டி.கே.பட்டம்மாள் 1961இல் அகாதெமி விருது வாங்கினார். 1970இல் சங்கீத கலாநிதி, 1998இல் பத்ம விபூஷண். அவருக்கு முன்னால் இதே ஊரில் நாயனாப் பிள்ளை இருந்தார். லயத்தில் புலி என்று பேர் வாங்கிய இசை வேளாளர். தேசிய விருதுகள் வருவதற்கு முன்பே, 1934இல், போய்ச் சேர்ந்துவிட்டார். மேடையேறுகிறவர்கள் உடுத்தும் பட்டும் எங்கள் ஊர்ப் பட்டுதான். கோர்வைச் சேலையில் கரை நாடாவைத் தள்ளிவிட நெய்கிறவருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆள் உட்கார வேண்டும். பள்ளிக்கூடம் போகாமல் அப்படி உட்கார்ந்த பிள்ளைகளில் சேரிப் பிள்ளைகளும் எத்தனையோ பேர். விழாப் புகைப்படத்தில் பட்டு பளபளக்கிறது, தறிக்கட்டையில் உட்கார்ந்த பிள்ளை தெரிவதில்லை.

தோலின் கதையும் இதுதான். மிருதங்கத்தின் உடம்பு பலாமரம், உயிர் தோல். வலந்தலைக்கு மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் வேண்டும், இழுத்துக் கட்டுகிற வார் எருமைத்தோல். அதை உரித்து, பதம் பார்த்து, மூட்டுப் பிடித்து, சுருதிக்குக் கொண்டுவருகிற கைகள் பெரும்பாலும் தலித் கைகள், அதிலும் தலித் கிறிஸ்தவர் கைகள். பாலக்காடு மணி அய்யர் 1956இல் அகாதெமி விருது வாங்கினார். 1966இல் மிருதங்கக் கலைஞர்களிலேயே முதல் ஆளாகச் சங்கீத கலாநிதி ஆனார். அந்த நாதத்துக்குப் பின்னால் தஞ்சாவூர் செபாஸ்டியன் வழியில் வந்த பர்லாந்து என்கிற கைவினைஞர் இருந்தார். மணி அய்யர் பெயர் சங்கீத உலகமெங்கும் தெரியும். பர்லாந்து பெயர் வெளியே பரவலாகத் தெரிய டி.எம்.கிருஷ்ணா 2020இல் மிருதங்கம் செய்பவர்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுத வேண்டியிருந்தது. அந்தப் புத்தக வெளியீட்டுக்குக் கொடுத்த அரங்கைக் கலாக்ஷேத்ரா கடைசி நேரத்தில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அகாதெமியை நடத்துகிற மத்தியக் கலாச்சார அமைச்சகத்தின் கீழே இருக்கிற நிறுவனம்தான் அதுவும். தோல் உள்ளே போகலாம், தோலின் கதை உள்ளே போகக்கூடாது.

இனி பறைக்கு வருவோம். தொல்காப்பியம் திணைக்குரிய கருப்பொருள்களில் பறையையும் வைக்கிறது. எம்.ஏ. வகுப்பில் இதைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தோம். அந்தப் பறை எப்படி ஒரு சாதியின் கழுத்தில் கட்டிய கயிறாயிற்று என்று எந்தக் கேள்வித்தாளும் கேட்கவில்லை. வேப்பஞ்சட்டத்தில் தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, வைக்கோல் நெருப்பில் காய்ச்சி, அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் பிடித்து அடிக்கிற வித்தை அது. அந்த வித்தையைச் சாவுச் சேதி சொல்லவும், பிணத்துக்கு முன்னால் நடக்கவும், ஊர் கூட்டித் தண்டோராப் போடவும் கட்டாய வேலையாக்கினார்கள். கூலி என்ன? அரைப்படி நெல்லும் வாய்க்கரிசிக் காசும், தூரத்தில் நின்று வாங்க வேண்டிய கள்ளும். கலை என்று அன்றைக்கு அதற்கு எவனும் பேர் வைக்கவில்லை.

அதனால்தான் எங்கள் முன்னோர் இரண்டு விதமாகப் போராடினார்கள். பழைய செங்கல்பட்டு ஜில்லாக்காரரான இரட்டைமலை சீனிவாசன், இழிவாகச் சொன்ன பெயரையே தலையில் தூக்கி 1893இல் 'பறையன்' என்று பத்திரிகை நடத்தினார். எம்.சி.ராஜா 1922இல் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து, அந்தப் பெயர் வேண்டாம், ஆதிதிராவிடர் என்று எழுது என்றார். ஒருவர் எடுத்தார், ஒருவர் உதறினார். இரண்டும் மானத்துக்கான வேலைதான். மோளத்துக்கும் இதே இரண்டு வழி வந்தது.

எங்கள் பெரியப்பா உதறிய வழி. ஊர்த்தெருவில் பெரிய தலை ஒன்று சாய்ந்தபோது ஆள் வந்து கூப்பிட்டிருக்கிறான். 'இனிமே அடிக்க மாட்டோம்பா, எங்க பசங்க இஸ்கூலுக்குப் போறானுங்க' என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா பறையை அடுப்பில் வைத்தாராம். ஒரு போகம் முழுக்க எங்கள் ஆட்களை வயல் வேலைக்குக் கூப்பிடவில்லை. ஆயா சொல்வாள்: 'அந்த வருசம் கீரைதான் சோறு.' இப்படி மறுத்ததற்காகத் தமிழ்நாட்டில் எத்தனை சேரிக்குத் தண்ணீர் நின்றது, கடை நின்றது, எத்தனை குடிசை எரிந்தது என்று நம் இயக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு எடுத்த வழி வந்தது. தொண்ணூறுகளில் தலித் கலைவிழாக்கள் நடந்தன. கே.ஏ.குணசேகரன் நம் பாட்டை நம் குரலிலேயே மேடையில் பாடினார். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையை இடுப்பில் கட்டி இறங்கினார்கள். சாவு வீட்டுக்கு வெளியே, யார் ஏவலும் இல்லாமல் அடிக்கிற பறை அப்போதுதான் பிறந்தது. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: மறுத்தவன் இல்லாமல் அது பிறந்திருக்காது. கட்டாயத்தில் அடிக்கிறவரைக்கும் அது வெட்டி வேலை. அடிக்க மாட்டேன் என்று சொல்லும் உரிமை வந்த பிறகுதான் அடிப்பது கலையாயிற்று. 2025இல் தில்லி மேடை வரை பறை நடந்த பாதையைச் சுத்தம் பண்ணியவர்களில் பறையை எரித்தவனும் ஒருவன்.

அவனை எந்தப் பட்டியலிலும் சேர்க்க முடியாது. விருதுக்குத் தெரிந்த வார்த்தை 'பாரம்பரியம்'. ஆயிரம் வருஷமாகக் காப்பாற்றி வந்த கலை என்று மேடையில் சொல்லுவார்கள். யார் காப்பாற்றச் சொன்னது, எந்தக் கோலால் என்று சொல்ல மாட்டார்கள். சில வருஷத்துக்கு முன்னால் ஒரு விழாவுக்கு எங்கள் பையன்களைக் கூப்பிட்டிருந்தார்கள். வாசலில் நின்று பிரமுகர்கள் காரிலிருந்து இறங்க இறங்க அடிக்க வேண்டும். உள்ளே நாற்காலி கிடையாது, சாப்பாடு பொட்டலம். அன்றைய கூட்டத்தின் தலைப்பு 'மண்ணின் கலைகளைப் போற்றுவோம்.' சாவுக்கு முன்னால் நடந்தவனைக் காருக்கு முன்னால் நிறுத்தினார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

கறுப்பர் இசைக்கும் இதே கதிதான் நேர்ந்தது. அமெரிக்காவில் 1965இல் டியூக் எலிங்டனுக்குப் புலிட்சர் சிறப்பு விருது கொடுக்கலாம் என்று நடுவர்கள் சொன்னார்கள். மேல்குழு மறுத்தது. 1999இல் கொடுத்தார்கள், அவர் செத்து இருபத்தைந்து வருஷம் கழித்து. விருது தாமதமாக வருவதில் ஒரு சௌகரியம் உண்டு. கேள்வி கேட்க ஆள் இருக்க மாட்டான்.

பத்மஸ்ரீக்குப் பணமுடிப்பு கிடையாது. பதக்கமும் ஜனாதிபதி கையெழுத்திட்ட பத்திரமும்தான். பெயருக்கு முன்னால் பட்டமாகவும் போட்டுக்கொள்ளக் கூடாது. பறைக்காரனுக்கு வயசான காலத்தில் ஓய்வூதியம், பிள்ளைக்குப் படிப்பு, சாவு மோளத்துக்குக் கட்டாயப்படுத்தினால் வன்கொடுமைச் சட்டத்தில் வழக்கு, இவற்றைத் தனியாகக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். விருது வந்துவிட்டது என்பதற்காக இந்தக் கோரிக்கைகளை எவனும் மடித்து வைக்க முடியாது.

இதைப் படிக்கிற மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் தெருவில் கடைசியாகப் பறை அடித்தவர் யார், முதலில் மறுத்தவர் யார், எந்த வருஷம், அதற்கு ஊர் என்ன தண்டனை கொடுத்தது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். செவிலிமேட்டில் நான் தொடங்கியிருக்கிறேன். இதுவரை பதினோரு பெயர் கிடைத்திருக்கிறது. ஏழு பேர் அடித்தவர்கள், நாலு பேர் நிறுத்தியவர்கள். பதினோரு பெயரையும் ஒரே தலைப்பின் கீழ்தான் எழுதி வைத்திருக்கிறேன்.