பாவமும் குற்றமும்

இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன் 303ஆம் பிரிவு கருச்சிதைவைக் குற்றமென வகுக்கின்றது. தாயின் உயிரைக் காக்கும் நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டதாயின் அது குற்றமாகாது. வேறெக் காரணம் பற்றிச் செய்யப்படினும் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம். வயிற்றிற் சிசு அசையத் தொடங்கிய பின்னர்ச் செய்யப்பட்டதாயின் தண்டனை ஏழாண்டு வரை செல்லும். தன் கருவைத் தானே சிதைத்துக்கொள்ளும் பெண்ணும் இப்பிரிவுக்குள் அடங்குவாள்.

ஒரே செயலுக்கு இருவேறு தண்டனை ஏன்? சிசுவின் அசைவு என்னும் எல்லைக்கோட்டைச் சட்டத்துள் இட்டவர் யார்? இலங்கைச் சட்டத்தை வரைந்தோர் அதனை 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டக்கோவையிலிருந்து பெற்றனர். இந்தியச் சட்டத்துக்கு அது இங்கிலாந்தின் பழைய வழக்குச் சட்டத்திலிருந்து வந்தது. அந்த வழக்குச் சட்டமோ இடைக்காலக் கிறித்தவ அறிஞரின் ஆராய்ச்சியோடு பின்னிக் கிடந்தது. ஆகவே சட்டக்கோவையின் இச்சிறு தொடருக்குப் பின்னால் ஏறத்தாழ ஈராயிரமாண்டுச் சிந்தனை நிற்கின்றது. அச்சிந்தனை மூன்று வினாக்களைச் சுற்றிச் சுழன்றது. கருவிலிருப்பது எப்பொழுது மனிதவுயிராகின்றது? அதனை அழிப்பவரின் சித்தம் எவ்வளவு சுயாதீனமுடையது? பாவமெனத் திருச்சபை கூறும் அனைத்தையும் அரசன் தண்டிக்க வேண்டுமா?

கிறித்தவம் தோன்றிய காலத்து உரோமப் பேரரசிலே பிறந்த குழந்தையை ஏற்பதும் தெருவில் எறிவதும் தந்தையின் அதிகாரத்துக்கு உட்பட்டிருந்தன. ஏறத்தாழ 200ஆம் ஆண்டளவில் செப்டிமியஸ் செவரசும் அவர் மைந்தர் காரக்கல்லாவும் கருவழித்த பெண்ணை நாடுகடத்துமாறு கட்டளையிட்டனர். அதற்குக் காட்டப்பட்ட காரணம் கவனிக்கத்தக்கது. கணவனுக்குரிய சந்ததியை அவள் வஞ்சித்தாள் என்பதே அக்காரணம். சிசுவைப் பற்றிச் சட்டம் யாதும் கூறவில்லை. ஆதிக் கிறித்தவரின் நோக்கு வேறாக இருந்தது. கி.பி. முதலாம் நூற்றாண்டின் இறுதியையோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சார்ந்த 'டிடாக்கே' என்னும் போதனைநூல், கருவைச் சிதைத்தலையும் பிறந்த சிசுவைக் கொல்லுதலையும் ஒருங்கே விலக்கிற்று. இந்நூலின் கையெழுத்துப் பிரதி 1873ஆம் ஆண்டிலே கொன்ஸ்தாந்திநோப்பிளில் கண்டெடுக்கப்பட்டது. தந்தையின் உடைமையாகக் கருதப்பட்ட சிசு, கடவுளின் படைப்பாக மதிக்கப்பட்டதே இங்கு நிகழ்ந்த பெருமாற்றம்.

ஆயினும் கரு எப்பொழுது மனிதனாகின்றது என்பதில் தொடக்கமுதலே கருத்து வேற்றுமை இருந்தது. யாத்திராகமத்தின் 21ஆம் அதிகாரம், சச்சரவின்போது கர்ப்பிணியொருத்தி அடிபட்டுக் கரு விழுந்தால் விதிக்கவேண்டிய தண்டனையைக் கூறுகின்றது. எபிரேய மூலத்தை யூத அறிஞர் கிரேக்கத்திற் பெயர்த்தபொழுது, கரு உருப்பெறாததாயின் அபராதம் என்றும் உருப்பெற்றதாயின் உயிருக்குயிர் என்றும் பொருள்படப் பெயர்த்துவிட்டனர். இதனோடு அரிஸ்தோத்திலின் கருத்தும் சேர்ந்தது. ஆண் சிசு ஏறத்தாழ நாற்பதாம் நாளிலும் பெண் சிசு ஏறத்தாழத் தொண்ணூறாம் நாளிலும் உருக்கொண்டு அசையும் என்பது அவர் கணக்கு. இன்றைய கருவியல் இக்கணக்கை ஏற்பதில்லை. எனினும் உருப்பெற்ற கரு, உருப்பெறாத கரு என்னும் பாகுபாடு பல நூற்றாண்டுகள் நிலைத்து நின்றது.

சிசுவின் நிலையைப் பற்றி ஐயம் இருந்தமையால் செயலைப் பற்றிய கண்டிப்புக் குறைந்தது என்று கொள்ளுதல் தவறு. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இசுப்பானியாவிற் கூடிய எல்விராச் சங்கம், விபசாரத்தாற் கருவுற்று அதனை அழித்தவளுக்கு மரணவேளையிலும் நற்கருணை அளிக்கலாகாது என விதித்தது. ஆனால் 314ஆம் ஆண்டில் ஆசியா மைனரில் அங்கிராச் சங்கம் கூடியபொழுது, சாகும்வரை விலக்கிவைக்கும் முன்னைய விதியைத் தளர்த்திப் பத்தாண்டுத் தவமாகக் குறைத்தது. செசரியா ஆயராகிய பசீலியார் அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதிய கடிதமொன்றில் உருப்பெற்றது, உருப்பெறாதது என்னும் பாகுபாட்டைப் புறக்கணித்தார். செயல் கொலையே என்பது அவர் முடிவு. அதே கடிதத்தில், தவத்தைக் காலத்தால் அளவிடாது மனமாற்றத்தின் தன்மையால் அளவிட வேண்டுமென்றும் எழுதினார். செயலைக் கடிந்து செய்தவரைக் குணப்படுத்த முயலும் இவ்விரட்டை நோக்கு பிற்காலம் முழுவதும் தொடர்வதைக் காணலாம்.

சித்த சுயாதீனத்தைப் பற்றிய பெருநூலை எழுதியவர் அகுஸ்தீனார். மனிதன் தன் விருப்பினாற் பாவஞ் செய்கின்றான், ஆதலால் பாவத்தின் பொறுப்பு அவனுடையதே என்பதை நிலைநாட்ட ஏறத்தாழ 388ஆம் ஆண்டில் அந்நூலைத் தொடங்கினார். அதன் முதற் பாகத்திலேயே வேறொரு கருத்தும் வருகின்றது. மக்களை ஆளுதற்கென அமைந்த சட்டம், இறைநீதி தண்டிக்கும் பலவற்றைத் தண்டிக்காது விடுகின்றது. எல்லாவற்றையும் செய்யாமையால் அது செய்வனவற்றை இகழ்தல் ஆகாது என்பதே அக்கருத்து. சுயாதீன சித்தத்தை ஆராயும் நூலிலே சட்டத்தின் எல்லையும் ஆராயப்பட்டது தற்செயலன்று. சட்டம் கையைக் கட்டும்; சித்தத்தைக் கட்டாது. கருவைப் பற்றியோ அகுஸ்தீனார் தம் அறியாமையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். கருப்பையில் மனிதன் எப்பொழுது உயிர்கொள்கின்றான் என்பது மனிதரால் அறியக்கூடியதோ என அவர் ஐயுற்றார். உருப்பெறாத கருவை அழித்தலை அவர் கண்டித்தார். ஆயின் அதனைக் கொலையென்று கூறத் தயங்கினார்.

அத்தயக்கம் 1140ஆம் ஆண்டளவில் கிராசியன் தொகுத்த திருச்சபைச் சட்டத்தொகுதியில் விதியாகவே இடம்பெற்றது. ஆன்மா உடலிற் புகுமுன்னர்க் கருவழிப்பவன் கொலையாளியல்லன் என்பது அதன் துணிபு. இடைக்காலச் சிந்தனையின் சிகரமாகிய தோமஸ் அக்குவினார் இவ்வழக்குக்கு இரு கருவிகளை வழங்கினார். ஒன்று, அச்சத்தாற் செய்யப்படும் செயலைப் பற்றிய ஆராய்ச்சி. புயலிற் சிக்கிய கப்பலோட்டி சரக்கைக் கடலில் எறிகின்றான். அது அவன் தெரிந்தே செய்த செயல்; ஆயினும் புயலில்லாத வேளையில் அவன் அதனை விரும்பியிரான். மற்றையது, சட்டத்தைப் பற்றிய ஆராய்ச்சி. மனிதச் சட்டம் நிறைகுணம் எய்தாத பெருந்திரளான மக்களுக்காக இயற்றப்படுவது. ஆகையால் எல்லாத் தீமைகளையும் அது தடுக்க முற்படலாகாது. பிறருக்குத் தீங்கிழைத்துச் சமூகத்தைக் குலைக்கும் கொலை, களவு முதலிய கொடுமைகளையே சிறப்பாகத் தடுக்கும் என்றார். இவ்வொரே வாசகத்தைப் பின்னாளில் இரு கட்சியாரும் தத்தமக்குத் துணையாகக் கொண்டனர். பாவமெல்லாம் குற்றமல்ல என ஒரு கட்சியார் வாதித்தனர். சிசுவும் 'பிறர்' அன்றோ என மறு கட்சியார் வினவினர்.

இரண்டையும் ஒன்றாக்க முயன்றவர் ஐந்தாம் சிக்ஸ்துஸ் பாப்பரசர். 1588ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் அவர் வெளியிட்ட ஆணை, கரு உருப்பெற்றதாயினும் பெறாததாயினும் அதனை அழித்தோருக்குக் கொலையாளிக்குரிய தண்டனைகளையே விதித்தது. திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டோரை மீளச் சேர்க்கும் அதிகாரமும் பாப்பரசர் ஒருவருக்கே உரியதாயிற்று. அவர் 1590இல் மறைந்தார். மறுவருடமே பதினான்காம் கிரகோரி பாப்பரசர் அக்கடுமையைக் குறைத்துப் பழைய பாகுபாட்டை மீட்டார். பின்னர் 1869இல் ஒன்பதாம் பத்திநாதர் அப்பாகுபாட்டைத் தண்டனை விதியிலிருந்து நீக்கினார்.

சீர்திருத்த இயக்கத்தார் சித்த சுயாதீனத்தைப் பற்றி உரோமையோடு பெரிதும் மாறுபட்டனர். 1524இல் எரஸ்முஸ் சித்தத்தின் சுயாதீனத்தை ஆதரித்து எழுத, 1525இல் மாட்டின் லூதர் அச்சித்தம் அடிமைப்பட்டதென மறுத்தெழுதினார். ஆனால் கருவழிப்பைப் பற்றி அவர்களிடையே அத்தகைய பிளவு எழவில்லை. வயலிற் கொல்லப்படுவதினும் தன் வீட்டிற் கொல்லப்படுவது கொடிதாயின், கருப்பையிலேயே கொல்லப்படுவது அதனினும் கொடிதென யாத்திராகமத்துக்கு உரையெழுதிய கல்வின் வாதித்தார். ஆகவே செயல் தீதென்பதில் கிறித்தவ மரபு நெடுங்காலம் ஏறத்தாழ ஒருமுகமாகவே நின்றது. வேறுபட்டது அதன் அளவும் தண்டனையுமே.

இங்கிலாந்தில் பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிராக்டனது சட்டநூல் உருப்பெற்ற அல்லது உயிர்ப்புற்ற கருவை அழித்தலைக் கொலையென்றது. பதினேழாம் நூற்றாண்டில் எட்வேட் கோக் அதனைக் கொலையினும் குறைந்த பெருங்குற்றமாகக் கொண்டார். 1803ஆம் ஆண்டின் எலன்பரோப் பிரபுவின் சட்டம், சிசு அசைந்த பின்னர் நஞ்சூட்டிக் கருவழித்தோருக்கு மரணதண்டனையும் அசையுமுன்னர்ச் செய்தோருக்கு நாடுகடத்தல் உள்ளிட்ட தண்டனைகளையும் விதித்தது. 1837இல் மரணதண்டனையும் அசைவுக்கோடும் ஒருங்கே நீங்கின. 1861ஆம் ஆண்டுச் சட்டம் கருச்சிதைவுக்கு ஆயுட்காலச் சிறை வரை தண்டனை வைத்துப் பெண்ணையும் குற்றவாளியாக்கிற்று. இங்கிலாந்து கைவிட்ட கோடு இந்தியாவிலும் இலங்கையிலும் எஞ்சிய வரலாறு இதுவே.

சட்டத்தின் கடுமை நீதிமன்றத்தில் வெளிப்பட்டது 1938ஆம் ஆண்டிலே. படைவீரரின் பலாத்காரத்துக்கு ஆளான பதினான்கு வயதுச் சிறுமியொருத்தியின் கருவை அலெக் போர்ன் என்னும் இலண்டன் வைத்தியர் நீக்கினார். செய்ததை மறைக்காது வழக்கை எதிர்நோக்கினார். தாயின் உடலும் உள்ளமும் சிதைந்துபோகாமற் காப்பதும் உயிர்காத்தலில் அடங்கும் என்னும் பொருள்பட நீதிபதி எடுத்துரைக்க, யூரிமார் அவரை விடுவித்தனர். அதே வைத்தியர் 1967இல் சட்டம் தளர்த்தப்படுவதை எதிர்த்தோர் அணியில் நின்றார் என்பதை மறத்தலாகாது. ஒரு சிறுமியின் இடரில் இரங்குவதும் பொதுவிதியைத் தளர்த்துவதும் அவருக்கு வெவ்வேறாகத் தோன்றின. இங்கிலாந்துத் திருச்சபையின் சமூகப் பொறுப்புக் குழு 1965இல் வெளியிட்ட அறிக்கை, சிசுவின் வாழும் உரிமையை மதித்து, தாயின் உயிரோ நலனோ பெரிதும் ஆபத்துக்குள்ளாகும்போது மட்டும் அது விட்டுக்கொடுக்கக்கூடும் என்றது. கத்தோலிக்க ஆயர்கள் அதனை ஏற்கவில்லை. 1967ஆம் ஆண்டின் சட்டம் இரு வைத்தியரின் இணக்கத்தோடு குறித்த காரணங்களுக்குக் கருக்கலைப்பை அனுமதித்தது.

ஐக்கிய அமெரிக்காவிலே இக்கருத்து மாற்றங்கள் இன்னும் வேகமாக நிகழ்ந்தன. தென்னகப் பப்திஸ்தர் மாநாடு 1971இல் பலாத்காரம், தாயின் உடல்நலம், மனநலம் முதலிய காரணங்களுக்குக் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டத்தை ஆதரித்தது. 2003இல் அதே மாநாடு தன் பழைய நிலைக்கு வருந்தித் தீர்மானம் நிறைவேற்றியது. 1973இல் உயர்நீதிமன்றம் கருக்கலைப்பை அரசியலமைப்பு வழங்கும் உரிமையென்றது. 2022இல் அத்தீர்ப்பைத் தானே நீக்கிற்று. இடையே 1984இல், கத்தோலிக்கரும் நியூயோர்க் மாநில ஆளுநருமான மாரியோ குவோமோ, தம் மனச்சாட்சி விலக்குவதனைத்தையும் மாற்றுச் சமயத்தார் மீது சட்டமாகச் சுமத்தலாமோ என ஒரு பல்கலைக்கழக மேடையில் வினவினார். ஆயர் பலர் அவரை மறுத்தனர். அயர்லாந்து மக்கள் 1983இல் ஏறத்தாழ 67 வீதத்தினரின் வாக்கால் சிசுவின் உயிருரிமையை அரசியலமைப்பிற் சேர்த்தனர். 2018இல் 66 வீதத்துக்கும் மேற்பட்டோரின் வாக்கால் அதனை நீக்கினர்.

கத்தோலிக்கத் திருச்சபை தன் போதனையை மாற்றவில்லை. 1995இல் இரண்டாம் யோவான் பவுல் பாப்பரசர் அதனை மீண்டும் உறுதிப்படுத்தினார். சிசுவைக் காப்பது சட்டத்தின் கடமையே என அச்சுற்றுமடல் வலியுறுத்திற்று. இம்முடிவு தாய்க்குப் பெரும்பாலும் வேதனை நிறைந்ததென்பதையும், தந்தையும் உறவினரும் சூழலும் அவளை நெருக்குவதுண்டு என்பதையும் மறைக்கவில்லை. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுதி, கருவழிப்புக்குத் தானாகவே நேரும் திருச்சபை விலக்கை விதிக்கின்றது. ஆனால் பதினாறு வயது நிரம்பாதவருக்கு அத்தண்டனை இல்லை. பேரச்சத்தால் உந்தப்பட்டுச் செய்தவரையும் அத்தானியங்குத் தண்டனை கட்டாது. அக்குவினாரின் கப்பலோட்டியை இங்கே மீண்டும் காண்கின்றோம். 2016இல் பிரான்சிஸ் பாப்பரசர் இப்பாவத்தை மன்னிக்கும் அதிகாரத்தைக் குருக்கள் எல்லோருக்கும் நிலையாக வழங்கினார். 1588இல் ஒருவர் கையில் மட்டும் இருந்த திறவுகோல் இவ்வாறு எல்லார் கைக்கும் வந்தது.

இலங்கையின் 303ஆம் பிரிவு இவற்றுள் எதனையும் அறியாது இன்றும் நிற்கின்றது. 1995இல் பலாத்காரம் முதலிய நிலைகளில் விலக்களிக்கும் வாசகங்கள் திருத்தச் சட்டமூலத்திற் சேர்க்கப்பட்டபோதிலும், பாராளுமன்றத்தில் எதிர்ப்பு எழுந்தமையால் அவை கைவிடப்பட்டன. அப்பிரிவில் அரிஸ்தோத்திலின் நாட்கணக்கின் நிழல் உண்டு. பிராக்டனின் பாகுபாட்டின் எச்சம் உண்டு. ஆனால் செய்தவரின் சித்தத்தை நெருக்கியது யாது என்ற வினா அதில் இல்லை. எல்விரா கடிந்ததை அங்கிரா தணித்ததும், சிக்ஸ்துஸ் இறுக்கியதைக் கிரகோரி தளர்த்தியதும் அவ்வினாவை மறவாமையாலேயே எனலாம். சிசுவின் உயிர் பெரிதென்று கொள்வோரும், சட்டத்துக்கு எல்லை உண்டென்று கொள்வோரும் தத்தம் மரபிலே சான்று காண்பர். எத்தரப்பார் வென்று எச்சட்டம் இயற்றினும், நீதிபதியின் முன்னே நிற்கப்போவது கோட்பாடன்று; அஞ்சி நடுங்கும் ஒரு பெண்ணே. அவளை எவ்வாறு நோக்குவது என்பதைப் பசீலியார் பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன்னரே சிந்தித்திருந்தார்.