பொட்டலுக்கு யார் பெரியவர்?

எங்கள் பக்கத்தில் திடல் என்ற சொல் அதிகம் புழங்காது. பொட்டல் என்போம். பயிர் வைக்க முடியாத, வீடு கட்டாத, யாருக்கும் சொந்தமில்லாதது போலக் கிடக்கும் செம்மண் வெட்டவெளி. வருஷத்தில் முந்நூற்றுச் சொச்சம் நாள் அங்கே ஆடு மேயும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். மிச்சமிருக்கிற சில நாள்தான் அதற்குத் திருவிழா. கடை வரும், ராட்டினம் வரும், மாடு வரும், ஆயிரக்கணக்கில் ஜனம் வரும். அன்றைக்குத்தான் அந்தக் கேள்வியும் வரும்: இந்த இடத்துக்கு யார் பெரியவர்?

காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் போகும் வழியில், பிள்ளையார்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது சிராவயல். தை மூன்றாம் நாள் அங்கே நடக்கும் மஞ்சுவிரட்டைப் பார்க்காத காரைக்குடிக்காரர் குறைவு. மதுரைப் பக்கத்து ஜல்லிக்கட்டை டிவியில் பார்த்தவர்களுக்கு ஒரு வித்தியாசத்தைச் சொல்லவேண்டும். அங்கே வாடிவாசல் உண்டு. மாடு ஒவ்வொன்றாக ஒரு குறுகிய வழியில் வெளியே வரும். இங்கே பொட்டல்தான் களம். ஊர் நாட்டார்கள் சாமி கும்பிட்டு, வேட்டி துண்டுகளோடு ஊர்வலமாக வந்து, தொழுவில் இருக்கும் மாடுகளுக்குத் துண்டு கட்டி மரியாதை செய்தபிறகு தொழு திறக்கும். ஆனால் அதற்கு முன்பே, சுற்றுவட்டத்து ஊர்களிலிருந்து கொண்டுவந்த மாடுகளை ஆங்காங்கே வயலிலும் கண்மாய்ப் பக்கத்திலும் அவிழ்த்துவிடத் தொடங்கியிருப்பார்கள். அவற்றுக்குக் கட்டுமாடு என்று பேர். தொழுவில் நிற்கும் மாட்டுக்கு மருத்துவப் பரிசோதனையும் பட்டியலும் உண்டு. கட்டுமாடு எந்தப் பட்டியலுக்குள்ளும் அடங்காது.

விழாவின் தலைமை இருக்கும் இடம் தொழு. ஆபத்து இருக்கும் இடம் தொழுவுக்கு வெளியே. 2024 ஜனவரி 17 அன்று சிராவயலில் மாடு முட்டி ஒரு சிறுவன் உட்பட இரண்டு பேர் இறந்தார்கள். இப்படிச் சாவு விழும்போதெல்லாம் விழாக் குழு என்ன செய்தது, போலீஸ் என்ன செய்தது என்று கேள்வி எழுகிறது. சில நாளில் அடங்கியும் விடுகிறது. நான் மென்பொருள் வேலை பார்ப்பவன். எங்கள் தொழிலில் ஒரு சர்வரை ஒப்படைக்கும்போது இரண்டு விஷயம் கேட்போம்: அட்மின் யார், ராத்திரி இரண்டு மணிக்கு அது விழுந்தால் போன் யாருக்குப் போகும்? இரண்டும் ஒரே ஆளாக இருக்கவேண்டும், அல்லது இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் அறிந்திருக்க வேண்டும். பொட்டலில் முதல் கேள்விக்கு எல்லோரும் பதில் சொல்வார்கள். இரண்டாவது கேள்விக்குத்தான் யாரும் வாய் திறப்பதில்லை.

முதல் கேள்விக்கான பதில் பழையது. சிவகங்கைச் சீமையில் பல ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. அந்த நாட்டின் பெரிய குடும்பத்துத் தலைவர் அம்பலம், அம்பலகாரர். அம்பலம் என்ற சொல்லுக்குப் பொதுவெளி, மன்றம் என்றுதான் பொருள். ரகசியம் வெளியே வந்தால் ‘அம்பலமாகிவிட்டது’ என்கிறோம். ஊர் கூடும் இடத்தின் பெயர், அங்கே முதலில் பேசுகிறவரின் பட்டமாகிவிட்டது. பொது இடமும் அதற்குப் பெரியவரும் வேறு வேறில்லை என்று ஒரு காலம் நம்பியதற்கு இந்தச் சொல்லே சாட்சி.

அந்தப் பெரியதனம் எதனால் ஆனது? பக்கத்துப் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தைப் பற்றி நிக்கலஸ் டர்க்ஸ் எழுதிய ‘தி ஹாலோ கிரவுன்’ 1987-இல் வந்தது. ராஜா கொடுத்த மானிய நிலமும் விருதுகளும் கோயில் மரியாதைகளும் அரசியலுக்கு மேலே பூசிய அலங்காரம் இல்லை, அவைதான் அரசியலே என்பது அவர் வாதம். பரிவட்டம் யாருக்கு முதலில் கட்டப்படுகிறது என்பதில் நிலமும் உறவும் படைபலமும் அடங்கியிருந்தன. 1948-ஆம் வருஷத்துச் சட்டம் ஜமீன்களை ஒழித்தது. நிலம் போனது, வரி வாங்கும் உரிமை போனது. துண்டும் பரிவட்டமும் மட்டும் மிஞ்சின. மிஞ்சியது அது ஒன்றுதான் என்பதால் அதன் மதிப்பு ஏறியது என்று நினைக்கிறேன்.

இந்தத் துண்டுக்கு இன்னொரு வரலாறும் இருக்கிறது. ஜே. எச். ஹட்டன் 1946-இல் எழுதிய இந்தியச் சாதிகள் பற்றிய நூலில் அது பதிவாகியிருக்கிறது. 1930 டிசம்பரில், அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். (இன்றைய சிவகங்கை மாவட்டமும் 1985 வரை அதற்குள்தான் இருந்தது.) ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக்கூடாது, சட்டை பனியன் போடக்கூடாது, குடையும் செருப்பும் கூடாது, பெண்கள் மேல்துணி அணியக்கூடாது, பொன் வெள்ளி நகை கூடாது. 1931-இல் அது பதினொரு தடைகளாக வளர்ந்தது. மீறிய இடங்களில் குடிசைகள் எரிந்தன. மாட்டின் கழுத்தில் மரியாதையாகக் கட்டிய துண்டு ஒரு மனிதனின் தோளில் கிடந்தால் குற்றம் என்றிருந்த காலம் அது. மரியாதை என்பதை ஏதோ அழகான பழைய பண்பாடாக மட்டும் எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

இதற்கெல்லாம் சில வருஷம் முன்பு, 1927-இல், காந்தி செட்டிநாட்டுக்கு வந்தார். சிராவயலில் இருபது வயது இளைஞர் ஒருவர் ஆசிரமம் நடத்திக்கொண்டிருந்தார். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கும் அங்கே படிப்பு, நூற்பு. காந்தி அவரைத் தேடிப் போய்ப் பார்த்தார். அந்த இளைஞர்தான் பின்னாளில் பொதுவுடைமைத் தலைவரான ப. ஜீவானந்தம். அவருக்கு அந்த ஊரில் நிலமோ பரிவட்ட உரிமையோ கிடையாது. பொது இடத்துக்கு வேறு விதமான பெரியதனமும் சாத்தியம் என்பதை அதே சிராவயல் பார்த்திருக்கிறது.

கண்டதேவிக்கு வருவோம். தேவகோட்டைக்குப் பக்கம். சொர்ணமூர்த்தீஸ்வரர் கோயில், சிவகங்கைச் சமஸ்தான தேவஸ்தானத்தைச் சேர்ந்தது. மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை புராணம் பாடிய தலம். ஆனித் திருவிழாவில் தேர். உஞ்சனை, செம்பொன்மாரி, தென்னிலை, இரவுசேரி என்று நான்கு நாடுகள், தேருக்கு நான்கு வடம். நாங்களும் வடம் பிடிப்போம் என்று தலித்துகள் கேட்டபோது, 1998-இல் விவகாரம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தேர் நின்றது. இந்தக் கோரிக்கையின் கனத்தை அறிய இன்னொரு வருஷத்தையும் நினைவில் வைக்கவேண்டும். நான்கு நாடுகளில் ஒன்றான உஞ்சனையில் 1979-இல் நடந்த சாதி வன்முறையில் ஐந்து தலித்துகள் கொல்லப்பட்டிருந்தார்கள்.

2002-இல் போலீஸ் காவலோடு தேர் மறுபடி ஓடியது. 2006-க்குப் பிறகு திருப்பணி, தேர்ப் பழுது என்று மீண்டும் நின்றது. புதுத் தேர் செய்து முடித்த பின்னும் அதை வெளியே எடுக்க நீதிமன்றத்தின் தள்ளுதல் தேவைப்பட்டது. 2024 பிப்ரவரியில் வெள்ளோட்டம், பெரும் போலீஸ் பாதுகாப்போடு. ஜூன் 21 அன்று தேரோட்டம். ஒரு தலைமுறைப் பிள்ளைகள் தங்கள் ஊர்த் தேர் ஓடிப் பார்க்காமலே பள்ளிப் படிப்பை முடித்துவிட்டார்கள்.

‘காலங்காலமா நடக்குறத ஏன் மாத்தணும்?’ என்று ஒரு தரப்பு. ‘காலங்காலமாத்தானே நாங்க வெளிய நிக்கிறோம்?’ என்று மறு தரப்பு. இரண்டு பேரும் ‘காலங்காலமாக’ என்ற ஒரே சொல்லைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பதைக் கவனிக்கவேண்டும். தேரைப் பங்குபோடுவதா, நிறுத்துவதா என்று வந்தபோது பல ஆண்டுகள் நிறுத்துவதே நடந்தது. பெரியதனம் தன் முதல் வேலையில், அதாவது விழாவை நடத்துவதில், தோற்ற இடம் இது.

ஊர்ப் பெரியதனம் தோற்கும் இடத்தில் நீதிமன்றம் நுழைகிறது. காளை விஷயத்திலும் கதை இப்படித்தான் போனது. ரேக்ளா பந்தயத்துக்கு அனுமதி கேட்டுப் போட்ட ஒரு மனுவில்தான், 2006 மார்ச்சில், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஜல்லிக்கட்டுக்கும் சேர்த்துத் தடை சொன்னது. 2009-இல் மாநில அரசு ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2017 ஜனவரியில் மெரினா நிறைந்தது, புதுச் சட்டம் வந்தது. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்றது. மெரினாவில் நின்ற பிள்ளைகள் ‘எங்கள் உரிமை’ என்றார்கள். அந்த ‘எங்கள்’ என்பதற்குள் யார் யார் என்ற கேள்வியை அன்று யாரும் கேட்கவில்லை. கேட்கும் நேரமும் இல்லை.

அந்தக் கேள்வி அவனியாபுரத்தில் எழுந்தது. தை முதல் நாள் மதுரை மாவட்டத்தின் முதல் பெரிய ஜல்லிக்கட்டு அங்கேதான். விழாக் குழு ஒரு தரப்பின் கையில் இருக்கிறது, எல்லாச் சமூகத்தாருக்கும் இடம் வேண்டும் என்று வழக்கு. நடத்தும் உரிமை எங்களுக்குத்தான் என்று எதிர் வழக்கு. 2020-இல் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஒருவர் தலைமையில் விழாவை நடத்த உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் வழக்கு ஓயவில்லை. மாவட்ட நிர்வாகமும் மாநகராட்சியும் நடத்தும் விழாவாக அது மாறிவிட்டது. இணையத்தில் பதிவு, டோக்கன், மருத்துவச் சோதனை, இரட்டைத் தடுப்பு. 2024 ஜனவரி 24 அன்று அலங்காநல்லூர் பக்கம் கீழக்கரையில் அரசே ஏறுதழுவுதல் அரங்கம் கட்டித் திறந்தது. ஆனாலும் அலங்காநல்லூர்க்காரர்கள் தை மூன்றுக்குத் தங்கள் பழைய வாடிவாசலை விடவில்லை.

அரசு நடத்துவதில் நன்மை இருக்கிறது, அதை மறுக்க முடியாது. டோக்கன் சாதி கேட்பதில்லை. ஆம்புலன்ஸ் நேரத்துக்கு நிற்கிறது. மாடு வைத்திருக்கும் எவரும் அம்பலத்தின் தயவில்லாமல் பதிவு செய்யலாம். ஆனால் கலெக்டர் மாற்றலாகிப் போவார். அடுத்த தையில் வேறொருவர் கோப்பைப் புரட்டுவார். மாடு முட்டி இறந்தவனின் வீட்டுக்குக் காசோலை வரும், துக்கத்துக்கு ஆள் வராது. பழைய அம்பலம் முதல் துண்டு வாங்கியதற்கு ஊரார் சொல்லும் நியாயம் அதுதான்: நல்லதில் முதல் ஆள் என்றால் கெட்டதிலும் முதல் ஆள். அந்த இரண்டாம் பாதியைப் பல ஊர்கள் மறந்துவிட்டன. அரசுக்கோ அது வேலைப் பட்டியலிலேயே கிடையாது.

வேறு வழி இருக்கிறதா என்று யோசிக்கும்போது இதே மண்ணில் இன்னொரு ஏற்பாடு கண்ணில் படுகிறது. நகரத்தார் தங்கள் ஒன்பது கோயில்களையும் புள்ளிக் கணக்கில் வைத்திருக்கிறார்கள். கல்யாணம் ஆனால் ஒரு புள்ளி. புள்ளிக்கு இவ்வளவு என்று வரி. பர்மாவில் கோடி சம்பாதித்தவரும் ஒரு புள்ளி, உள்ளூரில் பெட்டிக்கடை வைத்தவரும் ஒரு புள்ளி. கணக்கு எழுதுவது அவர்களுக்குத் தொழிலாகவே இருந்ததால் கோயிலுக்கும் அது வந்து சேர்ந்தது. இதைப் பெரிதாகக் கொண்டாடவும் முடியாது. அது ஒரே சாதிக்குள் மூடிய வட்டம். பெண்ணுக்கு அங்கே தனிப் புள்ளி கிடையாது. ஆனாலும் அதில் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. உறுப்பினர் என்றால் யார் என்பதற்கு அங்கே எழுத்தில் பதில் உண்டு, வரவு செலவுக்கும் எழுத்தில் பதில் உண்டு.

பொட்டலுக்கும் அப்படி ஒரு புள்ளிக் கணக்கு வேண்டும் என்பேன். சாதிப் புள்ளி வேண்டாம், ஊர்ப் புள்ளி. எல்லாத் தெருவும், காலனியும் சேர்த்து, வீட்டுக்கு ஒன்று. வரி எல்லோருக்கும் ஒன்று. நடத்தும் பொறுப்பு முறை வைத்துச் சுற்றி வரட்டும். கட்டுமாட்டை அவிழ்ப்பவரின் பெயரும் அந்த ஏட்டில் ஏறட்டும். விழா முடிந்த வாரமே வரவு செலவைப் பொட்டலில் தட்டி வைத்து எழுதிவிடட்டும். முதல் துண்டு வேண்டுமென்றால் அந்த வருஷத்துப் பொறுப்பாளிக்குக் கட்டலாம். அவர் எந்தத் தெருவாக இருந்தாலும். அடிபட்டவன் வீட்டு வாசலில் முதலில் போய் நிற்கவேண்டியவரும் அவர்தான்.

இது லேசில் நடக்காது என்று தெரியும். பரிவட்டத்துக்காக இருபது வருஷம் கோர்ட் ஏறியவர்கள் முறை வைத்துக்கொள்ளச் சம்மதிப்பார்களா என்று கேட்பவர்களிடம் என்னிடம் உறுதியான பதில் இல்லை. ஆனால் மற்ற இரண்டு வழியும் நம் கண்முன்னே இருக்கின்றன. ஒன்றில் தேர் கொட்டகையிலேயே நிற்கும். மற்றொன்றில் தேர் ஓடும், வடத்துக்கு இரண்டு பக்கமும் லத்தியோடு போலீஸ் நிற்கும். இரண்டிலுமே அம்பலம் ஊருடையதாக இருக்காது.