சூரியக் காற்றின் எல்லை

வானவெளியிலிருந்து ஓயாது பொழியும் காஸ்மிக் கதிர்களை 1912ஆம் ஆண்டில், பலூனில் 5,300 மீட்டர் உயரம் ஏறிக் கண்டறிந்தவர் ஆஸ்திரிய நாட்டு விக்டர் ஹெஸ். சூரியனில் கொந்தளிப்பு மிகும் காலங்களில் இக்கதிர்கள் குறைவது பின்னர்த் தெரியவந்தது. தடுப்பது எது?

1958இல் சிகாகோவில் யூஜீன் பார்க்கர் எனும் இளம் அறிஞர், சூரியனிலிருந்து மின்துகள்கள் காற்றெனப் பாய்கின்றன என்று கணக்கிட்டு எழுதினார். ஆய்ந்து கூறப் பணிக்கப்பெற்ற இருவரும் கட்டுரையை ஒதுக்கினர். ஏட்டின் ஆசிரியரோ, லாகூரில் பிறந்து சென்னையில் பயின்ற நம் சந்திரசேகர். அக்கருத்து அவருக்கும் உவப்பாக இல்லை; ஆயினும் கணக்கில் பிழை காணாமையால் அச்சேற்றினார். இந்த நேர்மையை நாம் எத்துணை போற்றினும் தகும். 1962இல் மாரினர்-2 அக்காற்றை நேரில் அளந்தது. அது சுமந்து செல்லும் காந்தப்புலமே காஸ்மிக் கதிர்களை விலக்குகிறது.

அக்காற்று எங்கே ஓய்கிறது? 1977இல் புறப்பட்ட வாயேஜர்-1, 2012 ஆகஸ்டில், சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலுள்ள தொலைவைப் போல் 121 மடங்குக்கு அப்பால், சூரியத் துகள்கள் அருகவும் காஸ்மிக் கதிர்கள் பெருகவும் கண்டது. எல்லையைத் தாண்டிற்றா? காந்தப்புலத்தின் திசை மாறவில்லையே என்று அறிஞர் வாதிட்டனர். மின்துகள் அடர்த்தியை நேரே அளக்கும் கருவியோ 1980லேயே பழுதாகியிருந்தது. நல்வாய்ப்பாக, 2012 மார்ச்சில் சூரியனில் எழுந்த வெடிப்பின் வேகம் ஓராண்டுக்கு மேல் பயணம் செய்து, 2013 ஏப்ரலில் கலத்தைச் சூழ்ந்த மின்துகள்களை அதிரச் செய்தது. அதிர்வின் சுருதியைக் கொண்டே அடர்த்தியைக் கணக்கிட்டனர். எல்லைக்கு உட்புறத்தில் உள்ளதைவிடச் சுமார் 40 மடங்கு! 2018 நவம்பரில் வாயேஜர்-2ம் வெளியேறிற்று. அதன் கருவி பழுதின்றி இருந்தது.