உளியேந்திய கைகள்: சிற்பி எட்மோனியா லூயிஸ்

கல்விக்கூடத்தின் வாயில் திறந்திருந்தால் மட்டும் போதாது. உள்ளே நுழைந்தவர் மதிப்போடு கற்று வெளிவரவும் வேண்டும். இவ்வுண்மையைத் தம் வாழ்வால் உணர்த்தியவர் அமெரிக்கச் சிற்பி எட்மோனியா லூயிஸ் அம்மையார்.

ஏறத்தாழ 1844-ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்தில் அவர் பிறந்தார். தந்தையார் கறுப்பினத்தவர், தாயார் ஒஜிப்வே பழங்குடி வழியினர். இளமையிலேயே பெற்றோரை இழந்து, தாயின் உடன்பிறந்தாரிடம் வளர்ந்தார். நயாகரா அருவியைக் காண வருவோரிடம் கூடைகளும் தோற்காலணிகளும் விற்று அக்குடும்பம் பிழைத்தது. பின்னர்த் தமையனாரின் பொருளுதவியால் 1859-இல் ஒகையோ மாநிலத்து ஓபர்லின் கல்லூரியிற் சேர்ந்தார். கறுப்பினத்தவரையும் பெண்களையும் ஏற்றுக்கொண்ட மிகச் சில கல்லூரிகளுள் அதுவும் ஒன்று.

ஆயினும் அங்கும் நிறவெறி அவரை விட்டபாடில்லை. 1862-இல், உடன் தங்கியிருந்த இரு வெள்ளை மாணவியர்க்கு நஞ்சூட்டினார் என்று பழி சுமத்தப்பட்டது. விசாரணைக்கு முன்பே அவரைப் பிடித்து அடித்து, வெட்டவெளியிற் குற்றுயிராய் விட்டுச் சென்றனர் வெறியர். கறுப்பின வழக்கறிஞர் ஜான் மெர்சர் லாங்ஸ்டன் வாதாட, சான்றின்மையால் வழக்குத் தள்ளுபடியாயிற்று. மறு ஆண்டு ஓவியப் பொருள்களைத் திருடினார் என்று மற்றொரு பழி, அதுவும் மெய்ப்பிக்கப்படவில்லை. எனினும் இறுதிப் பருவத்திற்குப் பதிவு செய்ய இசைவு மறுக்கப்பட்டது. பட்டமின்றி வெளியேறினார்.

பாஸ்டன் நகரில் சிற்பி எட்வர்ட் பிராக்கெட் சிலைத் துண்டுகள் சிலவற்றைக் கொடுத்து, அவற்றைப் போலக் களிமண்ணில் செய்துவரச் சொன்னார், பிழைகளைத் திருத்தினார். அவர் பெற்ற பயிற்சி பெரும்பாலும் அவ்வளவே. எஞ்சியவற்றைக் கைகளே கற்பித்தன. பெண்ணொருத்தியின் கையை வடித்து 8 டாலருக்கு விற்றார். கறுப்பினப் படைக்குத் தலைமை தாங்கி 1863-இல் மாண்ட கர்னல் ராபர்ட் ஷாவின் மார்பளவுச் சிலையை அடுத்து வடித்தார். அதன் சாந்துப் படிகளை விற்ற பொருளே அவரை ரோம் நகருக்கு அழைத்துச் சென்றது.

அங்கிருந்த சிற்பிகள் பலர் களிமண் மாதிரியை மட்டும் செய்து, சலவைக்கல்லைச் செதுக்க இத்தாலியத் தொழிலாளரை அமர்த்துவர். அம்மையாரோ பெரும்பாலும் தாமே செதுக்கினார். பிறர் கைவேலை என்று எவரும் பழிக்கலாகாது என்பதே காரணமென வரலாற்றாசிரியர் கருதுவர். 1867-இல் அவர் முடித்த ‘என்றென்றும் விடுதலை’ என்னும் சிற்பத்தில், அறுந்த விலங்கை உயர்த்தி நிற்கிறான் ஓர் ஆடவன். கவிஞர் லாங்ஃபெல்லோவின் உருவையும் அம்மையார் வடித்தார். 3,000 பவுண்டுக்கு மேல் எடைகொண்ட ‘கிளியோபாத்ராவின் மரணம்’ 1876-இல் பிலடெல்பியாப் பொருட்காட்சியில் மக்களை ஈர்த்தது. பின்னர்ப் பன்னெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்த அச்சிலை, இன்று வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் கலைக்கூடத்தில் உள்ளது.

அம்மையார் ரோமில் உளி பிடித்திருந்த நாளில்தான், 1873-இல், மகாத்மா ஜோதிராவ் புலே தம் ‘குலாம்கிரி’ நூலைக் கறுப்பின அடிமைகளின் விடுதலைக்கு உழைத்த அமெரிக்க மக்களுக்கு உரிமையாக்கினார். அடிமைத்தளையும் சாதித்தளையும் உறவுடையவை என்பதை நம் முன்னோர் அன்றே உணர்ந்திருந்தனர்.

1907-இல் இலண்டனில் அம்மையார் மறைந்தார். மறுத்த பட்டத்தை ஓபர்லின் கல்லூரி 2022-இல் வழங்கியது. பெற்றுக்கொள்ள அவர் இல்லை. இளைஞர்களே! பட்டம் மறுக்கப்பட்டபோதும் அவர் கற்பதை நிறுத்தவில்லை. நாமும் கற்போம், நம் பிள்ளைகளுக்குரிய பட்டம் அவரவர் வாழ்நாளிலேயே கைக்கு வரவும் காவல் நிற்போம்.